வேடியப்பனுக்கு விட்ட இடம்

1

இந்தக் கதை என் கேமராவின் குறையில் பிறந்தது. மலிவு லென்ஸ். ஜவ்வாது மலையில் வெள்ளை வானத்துக்கு முன்னால் எதை எடுத்தாலும் அதன் ஓரத்தில் ஊதாக் கோடு விழும். எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் சேர்க்க அதற்குத் துப்பில்லை, அவ்வளவுதான். கணினியில் அதற்கென்று இருக்கும் பொத்தானைத் தட்டினால் கோடு போய்விடும். போகாவிட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியிருக்கவே கூடாது.

2

ஜமுனாமரத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அம்சவல்லி, மழை நாளில் ஒரு [வேண்டாம். மழை வானத்தில் ஊதா விழாது.]

அம்சவல்லி உச்சிவெயிலில் ஒரு கல்யாண வீட்டுக்கு வெளியே, வெள்ளை வானத்துக்கு முன்னால் குரூப் போட்டோ எடுத்தாள். பெண்ணின் அம்மா மாதம்மாள், தன் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்கம்மா."

"அது எம் மவன் வேடியப்பன் எடம். வேலைக்கின்னு ஆந்திரா போய்ட்டு மூணு வருசமாச்சி. சேதியே இல்ல. வருவான்."

(அந்த வீட்டு வழக்கம் அது. வெளியூர் போனவனுக்குப் படத்தில் இடம் விடுவார்கள்; செத்தவனுக்கு விடமாட்டார்கள். வழக்கத்தை இட்டுக்கட்டியவன் நான்தான்.)

3

ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாக்கினாள். எல்லார் தலையைச் சுற்றியும் ஊதா. காலி இடத்திலும் ஊதா: காது, கழுத்து, தோள். கோட்டுக்குள்ளே வெறும் வானம்.

பொத்தானைத் தட்டினாள். மாப்பிள்ளை, பெண், மாதம்மாள் என்று எல்லாரிடமும் கோடு மறைந்தது. காலி இடத்தில் மட்டும் போகவில்லை.

லென்ஸின் குறையென்றால் அதுவும் போயிருக்க வேண்டும். அப்படியானால் அது

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

பெற்றவள் கண்ணில் இது படக் கூடாது என்று மட்டும் அம்சவல்லி நினைத்தாள். பக்கத்து வானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பூசி, கோட்டைக் கையாலேயே மூடினாள். பிரிண்ட் போட்டு மூன்று தரம் பார்த்தாள். சுத்தமான வானம்.

4

முடிவு ஒன்று: மாதம்மாள் படத்தை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக பஸ் ஏறினாள். [பச்சைப் பொய். அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: அந்த நேரம் பார்த்து வேடியப்பனிடமிருந்து போன் [ஆசை யாரை விட்டது? இதையும் அடித்தேன்.]

அடிக்க அடிக்கத் திரும்பி வருவது இதுதான். மாதம்மாள் படத்தை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

"இன்னா அம்சா இது? எடம் வுடச் சொன்னேனே. ஏன் மூஞ்சி தெரியாத ஆள நிக்க வச்ச?"

அம்சவல்லி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு வானம்தான் தெரிந்தது.

"யாருமில்லை" என்று சொன்னால், பார்த்துக்கொண்டிருக்கிற தாயிடமே அவள் பிள்ளையை இல்லை என்பதாகும். "உங்க மவன்தான்" என்று சொன்னால், இனி அவனுக்கு இடம் விட வேண்டியதில்லை என்றாகும். மூன்று நாளாக இரண்டையும் எழுதி எழுதி அழிக்கிறேன். பயமாக இருக்கிறது. நீங்களாவது அம்சவல்லிக்கு ஒரு வார்த்தை கொடுங்கள். மாதம்மாள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.