பார்த்தது ஒரு சாண்

ஜவுளிக்கடைக்காரரின் வாயிலிருந்து வராத சொல் ஒன்று உண்டென்றால் அது 'இல்லை'. நீலம் கேட்டு வருகிறவரிடம் பச்சையை விரித்துப் போட்டு, "வெயில்ல பாருங்க, அசல் நீலம்" என்பார். பாதிப் பேர் நம்பி வாங்கிப் போவார்கள். மீதிப் பேர் நம்பாமலே வாங்கிப் போவார்கள். அப்பேர்ப்பட்ட வாய் அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கட்டிலில் கிடந்தவன் அவருடைய மச்சான், மனைவியின் ஒரே தம்பி. முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் கிடங்கில் இருவரும் துணிப் பேல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். மச்சான் "ஐயோ" என்று காலை உதறினான். இரண்டு பேல்களுக்கு நடுவே ஏதோ வழுக்கிக்கொண்டு ஓடி மறைந்தது. கடிபட்டவன் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தவர் கடைக்காரர் ஒருவர்தான்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பேச்சில் ஒரு சொல் கூடுதலாக வராது.

"இந்தப் பக்கம் கடிக்கிறது ரெண்டு பாம்புதான். கட்டுவிரியன், கண்ணாடி விரியன். கட்டுவிரியனுக்கு மருந்து நம்ம ஃபிரிட்ஜ்ல இருக்கு. கண்ணாடி விரியன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், ஒன்றரை மணி நேரம். ஒண்ணோட மருந்து இன்னொண்ணுக்கு எடுக்காது. எதுன்னு சொல்லுங்க."

"காலைப் பார்த்தாத் தெரியாதா டாக்டர்?"

"தெரியும். கண்ணாடி விரியன்னா வீங்கும், மத்தது வீங்காது. ஆனா நீங்க துணியைக் கிழிச்சு முழங்காலுக்குக் கீழ அந்த இறுக்கு இறுக்கிட்டீங்க. பாம்பே கடிக்காட்டியும் இந்தக் கால் வீங்கியிருக்கும்."

கடைக்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். நாற்பது வருஷம் மூட்டை கட்டிய கை, முடிச்சு என்றால் முடிச்சு.

"வலி எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"உயிர் போகுது!" என்று அலறினான் மச்சான்.

"அதை நம்பாதீங்க டாக்டர்," என்றாள் அக்காக்காரி. "இவன் முள்ளு குத்தினாலே ஊரைக் கூட்டுவான்."

"அக்கா, நான் சாகக் கிடக்கேன்!"

"வாயை மூடுடா. சாகிறவன் இப்படியா கத்துவான்?" சொன்னாளே தவிர, தம்பியின் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

லேப்காரர் கொஞ்சம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜையில் நிறுத்தினார். இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்து, அது உறைகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி விரியன் என்றால் உறையாது. ஆனால் வாசலில் நின்ற ஒரே ஆம்புலன்ஸ், கை முறிந்த வேறொருவரை ஏற்றிக்கொண்டு பத்து நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறது. விட்டால் திரும்பி வர நாலு மணி நேரம்.

"வரைஞ்சு காட்டுவீங்களா?" என்றார் டாக்டர்.

"ஓ, தாராளமா!" என்றார் கடைக்காரர். பில் போடுவதைத் தவிர அவர் பேனா பிடித்ததில்லை.

முதல் படத்தை மச்சான் எட்டிப் பார்த்தான். "அத்தான், இது பாம்பா, அறுந்த பெல்ட்டா? இதை நம்பியா என் உசுரு இருக்கு?"

லேப்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுவரில் தொங்கிய பாம்புப் படங்கள் எல்லாம் அவர் கைவேலைதான்.

"ஐயா, தலையில ஆரம்பிக்காதீங்க. எல்லாரும் அங்கதான் கெடுக்குறாங்க. முதல்ல முதுகெலும்பு. ஒரே கோடு, வளைஞ்சு போகட்டும்... ஆங். இப்போ உடம்பு. பாம்பு குழாய் இல்லை. கழுத்துல ஒல்லி, நடுவுல பருமன், வாலுக்குப் போகப் போகக் குறையணும். வளைவுக்கு உள்பக்கம் பென்சிலை அழுத்தித் தீட்டுங்க, உருட்சி தானா வரும். செதிலை ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. சாய்ச்சு சாய்ச்சு வலை மாதிரி கோடு இழுங்க."

கடைக்காரர் இழுத்தார். காகிதத்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மெல்லப் புடைத்து எழுந்தது. அவர் மூச்சு வேகமானது. பயத்தோடு, சொல்லக் கூசும் ஒரு குஷியும் அதில் இருந்தது.

"வரி வரியா இருந்துச்சா?"

"வரிதான்," என்றது வாய், அவரைக் கேட்காமலே.

"தலை நீளவாக்கிலயா, முக்கோணமா?"

கடைக்காரரின் கண் ஒரு தரம் சுவர்ப் பக்கம் போய் வந்தது. "நீளவாக்குல."

கண்ணையும் வைத்தார். கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு புள்ளி விட்டார். லேப்காரர் மெதுவாக விசில் அடித்தார்.

டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். "கட்டுவிரியன். சந்தேகமே இல்லை. ஆம்புலன்ஸைப் போகச் சொல்லுங்க. சிஸ்டர், மருந்தை எடுங்க."

மனைவி கடைக்காரரைப் பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை அவருக்குக் கிடைத்ததில்லை. ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வண்டி உறுமியது.

கடைக்காரர் மேஜையில் கிடந்த தன் படத்தைப் பார்த்தார். அழகாக இருந்தது. வேண்டியதற்கு மேலேயே அழகாக இருந்தது. இவ்வளவு சுத்தமான சரக்கை யாராவது அவர் முன்னால் விரித்திருந்தால், மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் கை வைத்திருக்க மாட்டார். சுவரைப் பார்த்தார். மூன்றாவது படம். அதே வளைவு, அதே தலை, கண்ணில் அதே புள்ளி. பச்சையை நீலம் என்று விற்றாயிற்று. விலை மச்சானின் உயிர்.

"டாக்டர், நில்லுங்க. நான் பார்த்த பாம்பு அது இல்லை."

ஊசியோடு வந்த நர்ஸ் அப்படியே நின்றார்.

"என்னங்க சொல்றீங்க?" என்றாள் மனைவி.

"தலையைப் பார்க்கல. வாலையும் பார்க்கல. பேல் இடுக்குல நடு உடம்பு ஒரு சாண் பார்த்தேன். அவ்வளவுதான்."

"அப்போ இந்தத் தலை?"

"சுவத்துல பார்த்துப் போட்டேன்."

டாக்டரின் முகம் சிவந்தது. திட்டுவதற்கு வாயெடுத்து, கடிகாரத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டார். "வண்டியை நிறுத்தச் சொல்லுங்க!" லேப்காரர் ஓடினார். "நீங்க பார்த்ததை மட்டும் போடுங்க. தெரியாத இடத்தை வெறுமனே விடுங்க."

வெறுமனே விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. கை பாட்டுக்குத் தலையை நோக்கி இழுத்தது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பாம்பு என்று நினைத்தால் சுவர்ப் படம்தான் வந்து நின்றது. ஆகவே துணி என்று நினைத்தார். சாம்பல் நிறப் பேல் இரண்டு, நடுவே ஒரு சாண் துணி இழுபடுகிறது. என்ன டிசைன்? இப்போது தெரிந்தது. குறுக்கு வரி எங்குமே கிடையாது. பழுப்பு வட்டங்கள், சங்கிலி கோத்த மாதிரி ஒன்றையொன்று முட்டிக்கொண்டு. வட்டத்தின் ஓரம் கறுப்பு, கறுப்புக்கு வெளியே நூல் கனத்தில் வெள்ளை. ஒரு சாணுக்குள் ஐந்து முழு வட்டம், ஒன்று பாதி.

ஐந்தரை வட்டம் வரைந்தார். இரண்டு பக்கமும் காகிதம் காலியாகக் கிடந்தது.

டாக்டர் குனிந்தார். "இது கண்ணாடி விரியன் மாதிரி இருக்கு." குரல் இறங்கியது. "வரி இருந்துச்சா? லேசாவாவது?"

அந்தக் குரல் அவருக்குப் பழக்கமானது. ஆமாம் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கி நிற்கும் வாடிக்கையாளரின் குரல். மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மச்சானும் மனைவியும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"இல்லை டாக்டர்."

கேட்டைத் தாண்டிவிட்ட வண்டியின் பின்கதவை லேப்காரர் கையால் அடித்து நிறுத்தியிருந்தார். மச்சானைத் தூக்கிப் போட்டார்கள். கை முறிந்தவர் முனகிக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்.

வண்டி குலுங்கியது. ஊர் எல்லையைத் தாண்டியதும் மனைவி கேட்டாள். "நிஜமாவே வட்டம்தானே?"

"வட்டம்தான்."

"நீங்க எல்லாத்துக்கும் தலையாட்டுற ஆளு."

"இதுக்கு ஆட்டல."

போன் அடித்தது. லேப்காரர்.

"ஐயா, டியூபைச் சாய்ச்சுப் பார்த்தேன். தண்ணி மாதிரி ஓடுது. உறையல. பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்டர் சொல்லிட்டாங்க. மருந்து தயாரா இருக்கும், நீங்க சீக்கிரம் போங்க."

கடைக்காரர் மச்சானைப் பார்த்தார். ஈறோரம் சிவப்பாகக் கசிந்திருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது அவன் கத்தாததுதான். எதற்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுகிறவன் வாய்மூடிக் கூரையைப் பார்த்துக் கிடந்தான். கடைக்காரர் அவன் கன்னத்தைத் தட்டினார். "மச்சான், ஏதாவது சொல்லுடா. என்னைத் திட்டவாவது திட்டு."

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வாசலிலேயே கையை நீட்டினார். காகிதம் கைமாறியது. அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தலை எங்கே?"

"பார்க்கல."

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் தலையசைத்தார். மருந்து சொட்டத் தொடங்கியது. கடைக்காரர் சுவரோரம் நின்று ஒவ்வொரு சொட்டாகப் பார்த்தார். மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

மச்சான் வாய் திறக்கச் சாயங்காலம் ஆனது.

"அத்தான்... கடையைப் பூட்டினீங்களா?"

கடைக்காரர் யோசித்துப் பார்த்தார்.

"பூட்டலடா," என்றார்.