தாண்டவராயன் காலில் இரண்டு படி சாமை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. 1984-ல் திருப்பத்தூரிலிருந்து மலையேறிய பஸ்ஸில், பக்கத்து சீட்டு அம்மாள் சொன்னது. பெயர் பாஞ்சாலி. வளைவுக்கு வளைவு நான் அவர் மேல் சாய்ந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். "அதுக்கின்னாங்க, எங்கூட்டுக்காரரு நாலு மாசமா எம்மேல சாஞ்சிக்கினுதான் கெடந்தாரு" என்றார். அங்கே கதையைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஜவ்வாது மலை முகடுகளில் வெண்பனி தவழ்ந்த அந்த வைகறையில்—'

(பனியைப் பற்றிப் பாஞ்சாலி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அடித்துவிட்டேன்.)

2

நெல்லிவாசல்நாட்டில் சாமை விதைக்கிறவர் தாண்டவராயன், பாஞ்சாலியின் புருஷன். மாசிக் கடைசியில் ஒருநாள் மண்வெட்டியை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணிக்கொண்டது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாலு பேர் ஜீப் வரும் இடத்துக்கு நடந்தார்கள். அஞ்சு மைல். முன்பக்கம் பிடித்தவர் சித்தப்பா மகன் சின்னக்குழந்தை. பெயர்தான் அப்படி, ஐம்பது வயது. பாதி வழியில் பெருமூச்சு விட்டார்: "அண்ணன் இனிமே எங்க நடக்கப் போவுது!"

கட்டிலில் கிடந்தவருக்குக் காது நன்றாகக் கேட்டது. பதில்தான் கோணின வாயைத் தாண்டி வரவில்லை.

3

அடிவாரத்து ஆஸ்பத்திரி நர்ஸ் மதலேனாள். இவரைக் கருணையே வடிவானவராக எழுத ஆசைப்பட்டேன். பாஞ்சாலி விடவில்லை. "அது சரியான சிடுமூஞ்சிங்க."

வீட்டுக்கு அனுப்பும்போது மதலேனாள் சொன்னது: "நடந்தா கால் வலுக்கும்னு எல்லாரும் சொல்லுவாங்க. கால் வலுத்தாதான்யா நடக்க முடியும். கட்டில்ல ஒக்காந்து, கை ஊணாம எழுந்திரி. பத்து தடவ. கணுக்கால்ல மணல் மூட்டை கட்டித் தூக்கு. வாரத்துக்கு வாரம் எடையைக் கூட்டு. அழுவாத, எண்ணு."

மணலுக்கு யார் ஓடைக்குப் போவது? பழைய சட்டைக் கையைத் தைத்து அரைப்படி சாமையைக் கொட்டிக் கட்டினார் பாஞ்சாலி. வாரம் ஓர் ஆழாக்கு கூடியது. வாய் நேரானதும் தாண்டவராயன் பேசிய முதல் பேச்சு: "சின்னக்கொழந்த வூட்டுக்கு நடந்து போயி, அவன நாலு கேள்வி கேக்கணும்."

சின்னக்குழந்தையே ஒருநாள் பார்க்க வந்தார். தாண்டவராயன் அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவன் வாசலில் நின்றுதான் கேட்பாராம். சுவர்ப் பக்கம் திரும்பிக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

4

கோழி.*

(* கோழியை நான் சேர்த்ததாக நினைக்க வேண்டாம். எனக்கு இவ்வளவு கற்பனை கிடையாது.)

மூட்டையில் ஓட்டை விழுந்து சாமை சிந்தியது. கோழிகள் கட்டிலைச் சுற்றி வந்தன. ஒன்று பாதத்திலேயே கொத்திவிட்டது. தாண்டவராயன் எட்டி ஓர் உதை விட்டார்.

"கோழிய ஏன்யா ஒதைக்கிற? முட்ட வைக்கிற கோழி—" என்று கத்திய பாஞ்சாலி நின்றுவிட்டார். உதைத்தது, அதுவரை ஒரு சாண்கூட எழும்பாத இடது கால்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா, அழுதேன். கோழிதான் ரெண்டு நாளு முட்ட வைக்கல."

5

இங்கே பாஞ்சாலி செய்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனி முடிவில் மூட்டை இரண்டு படியைத் தொட்டிருந்தது. ஆடியில் வீட்டில் தானியம் தீர்ந்தது. பாஞ்சாலி மூட்டையைப் பிரித்து ஒரு படியை உலையில் போட்டுவிட்டார். தெரியாமலிருக்க உமியை அடைத்துத் தைத்துவிட்டார்.

மறுநாள் மூட்டையோடு காலைத் தூக்கிய தாண்டவராயனின் முகம் மலர்ந்துபோனது. "பாத்தியா, பஞ்சு மாரி போவுது! காலு தேறிடுச்சிடி. இன்னிக்கே அவன் வூட்டுக்குப் போறேன்."

"சொல்லியிருக்கலாமே அம்மா?" என்றேன்.

"எப்டிங்க சொல்றது? நாலு மாசம் கழிச்சி அன்னிக்குத்தான் சிரிச்சாரு. அதுவும் அந்தச் சாமைக் களிய ரெண்டு உருண்ட தின்னுட்டு."

6

சின்னக்குழந்தையின் வீடு மேட்டில், இரண்டு ஃபர்லாங். பாஞ்சாலி பின்னாலேயே போனார், விழுந்தால் பிடிக்க. தாண்டவராயன் மூன்று இடத்தில் நின்றார், ஓரிடத்தில் வேலியைப் பிடித்தார், ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"இன்னாண்ணா, நடந்தா வந்த?"

"நடந்துதான் வந்தேன். எங்க நடக்கப் போவுதுன்னியே, கட்டில தூக்கினு போவச்சொல்லோ?"

சின்னக்குழந்தைக்கு முகம் சுருங்கியது. "அஞ்சு மைல் தூக்கினேனே, அது நெனப்பில்ல. சொன்னது மட்டும் நெனப்பிருக்குதா? வயிறெரிஞ்சி சொன்னேண்ணா."

தாண்டவராயன் கேட்கவிருந்த மீதி மூன்று கேள்விகளும் போன இடம் தெரியவில்லை. வாசலில் கிடந்த மரக்கட்டையில் உட்கார்ந்தார்.

கட்டை, கட்டிலைவிட ஒரு சாண் தாழ்வு.

எழ முயன்றார். முடியவில்லை. மறுபடி முயன்றார். சின்னக்குழந்தை கையை நீட்டினார்.

7

நெல்லிவாசல் ஜீப் நின்ற இடத்தில் பஸ் நிற்க, பாஞ்சாலி இறங்கிவிட்டார். "எழுந்தாரா?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். "அத்த நீங்களே எழுதிக்கோங்க" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

எழுதிப் பார்த்தேன். (அ) கையைத் தட்டிவிட்டு எழுகிறார்: எனக்கே கை தட்டத் தோன்றியது, அதனால் நம்பவில்லை. (ஆ) பாஞ்சாலி சாமை விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்: அந்த அம்மாள் என்னைச் சும்மா விடமாட்டார். (இ) கையைப் பிடித்து எழுகிறார், இருவரும்— இங்கே பேனா நின்றுவிட்டது.

இனி உங்கள் பாடு. ஒன்று மட்டும் சொல்கிறேன், நேரமெடுக்காதீர்கள். சின்னக்குழந்தை இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நிற்கிறார்.