லிஃப்ட் ஓடாத மாலை

கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடமே அவளுக்கு ‘அரைக்கிணறு’ என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் நாத்தனார். கிணற்றைத் தாண்டுகிறேன் என்று ஓடிவந்து பாதியில் விழுகிறவர்களைப் பற்றிய பேச்சு ஒன்று உண்டே, அதிலிருந்து எடுத்தது. வீண்பழி என்றும் சொல்ல முடியாது. தையல் வகுப்பில் சேர்ந்தாள். ஒரு கை மட்டும் வைத்த சட்டையோடு அது நின்றது. நீச்சலில் மிதக்க வந்தது, நகர வரவில்லை. வயலின் பீரோவுக்கு மேலே போய்ப் படுத்துக்கொண்டது. ஆரம்ப சூரத்தனத்துக்குக் கோப்பை கொடுத்தால் வீட்டில் வைக்க இடம் பத்தாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரித்தாலும் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் உள்ளே சுருக்கென்றுதான் இருக்கும்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் அக்கா. ஐந்தாம் மாடியில் எதிர் வீடு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், குரலுக்கு அது தேவையே இல்லை என்றாலும். போன வருடம் நீளம் தாண்டுவது எப்படி என்று செய்து காட்டப் போய் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. இப்போது முட்டியில் பட்டை, கையில் கம்பு. படியே ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிணறு தாண்டத் தெரியாதவளைக் கேலி செய்தவருக்கு மணல் குழியே கிணறாகிவிட்டதே என்று அவள் மனதுக்குள் நினைத்ததுண்டு. வெளியே சொல்லவில்லை. உயிர்மேல் ஆசை இருந்தது.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணுக்குப் பவர் பார்த்துச் சொல்கிறவள். கடையில் விலைபோகாமல் தூசி தின்றுகொண்டிருந்த சின்னத் தொலைநோக்கி ஒன்றை முதலாளி அவள் தலையில் கட்டினார். அதன் பின்னால் வீட்டுக்காரரின் பழைய கேமராவை மாட்டினாள். பூமி சுற்றுகிற சுற்றில் நட்சத்திரம் நழுவிக்கொண்டே போகும் இல்லையா, அதோடு கூடவே கேமராவையும் மெல்லத் திருப்பும் மோட்டார் ஒன்றும் வாங்கினாள். அவள் குறி வைத்தது ஆண்ட்ரோமீடா என்கிற பக்கத்து வீட்டு நட்சத்திர மண்டலம். பக்கத்து வீடு என்பது ஒரு பேச்சுக்குத்தான். அங்கிருந்து வெளிச்சம் கிளம்பி நம் மொட்டை மாடிக்கு வர இருபத்தைந்து லட்சம் வருடம் ஆகும். வந்து சேரும்போது அது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். ஒரு படத்தில் பிடிபடாது. ஒரு நிமிடப் படங்களாக ஐம்பது அறுபது எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். அடுக்க அடுக்க, பொய்ப் புள்ளிகள் கரைந்துபோகும், மெய்யாக வானத்தில் இருப்பது மட்டும் தேறி நிற்கும்.

ஆழம் தெரியாமல்தான் காலை விட்டாள். முதல் நாள் லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்து மாலை முழுக்கக் கும்மிருட்டைப் படம் பிடித்தாள். பிறகு பார்த்தால், மூடி போட்டு எடுத்த படமும் வேண்டுமாம். கேமரா தானாகப் போடுகிற புள்ளிகளைக் கழிப்பதற்கு அதுதான் கணக்கு. கண்ணாடியில் ஒட்டிய தூசியின் நிழலைக் கழிக்க வெள்ளையாகவும் சில படங்கள் வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் புதுப் பனியன் ஒன்றைத் தொலைநோக்கியின் வாயில் இழுத்துக் கட்டினாள். அவர் ஒரு பெருமூச்சோடு பழைய பனியனைத் தேடிப் போனார். நாத்தனார்தான் சொன்னார்: “கறுப்பா கொஞ்சம் எடுத்திருக்கா, வெள்ளையா கொஞ்சம் எடுத்திருக்கா. நடுவுல எடுக்க வேண்டியதுதான் பாக்கி.”

நடுவில் எடுக்க வேண்டியது சரியாக வரவில்லை என்பது உண்மை. குவியம் பிடிக்கக் கற்றுக்கொண்டாள், துருவ நட்சத்திரத்துக்கு நேராக மோட்டாரை நிறுத்தக் கற்றுக்கொண்டாள். அப்படியும் நட்சத்திரங்கள் வட்டமாக விழவில்லை. ஒவ்வொன்றும் வால் முளைத்து ஒரு காற்புள்ளி போல இருந்தது. வானம் முழுக்கக் காற்புள்ளி, எங்கேயும் முற்றுப்புள்ளி இல்லை. மேகம் இல்லாத நாளில் நிலா, நிலா இல்லாத நாளில் மேகம்; கல்லைக் கண்டால் நாயைக் காணோம் கதை. இரண்டும் ஒத்துழைத்த நாளில் இந்த வால். மோட்டாரைக் குறை சொன்னாள், தொலைநோக்கி நிற்கிற முக்காலியைக் குறை சொன்னாள், காற்றைக்கூட விடவில்லை.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றார் நாத்தனார்.

அன்றைக்கு அவள் சாப்பிடாமலே படுத்தாள். காரணம் இருந்தது. ஆண்ட்ரோமீடா ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில நாளில் இருட்டும்போதே எதிர்க் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடும். மறுபடி வர மாதக்கணக்காகும்.

“அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா” என்றார் வீட்டுக்காரர், ஆறுதலாகத்தான்.

அடுத்த வருடமா? அவளை அவளுக்குத் தெரியாதா? இப்போது விட்டால் தொலைநோக்கியும் பீரோவுக்கு மேலே ஏறும், வயலினுக்குத் துணையாக. ஒரே ஒரு காரியத்தையாவது கடைசிவரை செய்து பார்க்க வேண்டும், அது முடியுமா முடியாதா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நட்சத்திரம் அதற்கு ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம்.

குட்டை உடைத்தது ஒரு டம்ளர் டீ. மறுநாள் மாலை மொட்டை மாடியில் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்திருந்தாள். ஆறிப்போன டீயில் திடீரென்று வளையம் வளையமாகச் சுழித்தது. நின்றது. மறுபடி சுழித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு உறுமல். லிஃப்ட் அறை! எதிர்க் கட்டடமும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காமல் மேற்கு தெரிகிற ஒரே இடம் லிஃப்ட் அறைச் சுவரோரம்தான். ஜனங்கள் வேலையிலிருந்து திரும்பும் நேரம். லிஃப்டுக்கு மூச்சுவிட நேரமில்லை. அது ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிற்கும்போதும் தளம் அதிர்ந்து, நட்சத்திரத்துக்கு ஒரு வால் முளைக்கிறது.

கீழே இறங்கி வந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டினாள். “அக்கா, கூடம் நெஜமாவே கோணல்தான்!” என்றாள்.

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப என்ன, கட்டடத்தை இடிக்கணுமா?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்.

கட்டடத்தை இடிக்க வேண்டாம், ஒரு மணி நேரம் லிஃப்ட் ஓடாமல் இருந்தால் போதும். ஆனால் அதைக் கேட்பதற்கு அவளுக்கு நாக்கு எழவில்லை. “கேளேன், கடிச்சா முழுங்கிடுவாங்க?” என்று வீட்டுக்காரர்தான் தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தார். நிலா இல்லாத வெள்ளிக்கிழமையாகப் பார்த்து, இருட்டியதிலிருந்து ஒரு மணி நேரம் முடிந்தவர்கள் படியில் வந்தால் நன்றியோடு இருப்பேன் என்று எழுதினாள். எதற்கு என்பதையும் எழுதினாள். கடைசியில் ஒரு வரி: ‘முடியாதவர்கள் தாராளமாக லிஃப்டில் வரலாம்.’ அந்த வரி ஒரே ஒருவருக்காக எழுதியது. லிஃப்டுக்குள் ஒட்டிவிட்டு, திருடியவள் மாதிரி வேகமாக வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

நாலாம் மாடி வக்கீல் மறுநாள் காலையிலேயே மடக்கினார். “ஏம்மா, அது எவ்வளவு தூரத்துல இருக்கு?”

“வெளிச்சம் வர்றதுக்கே இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஆகும் சார்.”

வக்கீல் சற்று யோசித்தார். “அது அவ்வளவு தூரம் வருது. நான் நாலு மாடி ஏற மாட்டேனா?”

நாத்தனாரும் படித்தார். கம்பை ஊன்றி நின்று கடைசி வரிவரை படித்துவிட்டு, “ம்” என்றார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று அவள் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. அவள் எல்லாவற்றையும் நிறுத்தி, குவியம் பார்த்து, தரையில் ஒரு டம்ளர் டீயையும் வைத்தாள். குடிப்பதற்கில்லை. முதல் படம் விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். வட்டம். இரண்டாவதும் வட்டம். கடுகை இறைத்த மாதிரி, வால் கீல் எதுவும் இல்லாமல் அத்தனையும் வட்டம்.

படிக்கட்டுக் கதவு திறந்திருந்ததால் கீழே நடப்பது மேலே கேட்டது. யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து ஏறினார்கள். வக்கீல் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு முறை கடவுளைக் கூப்பிட்டார். இரண்டாம் மாடி டாக்டர் சிரிப்பது கேட்டது: “நான் நடங்கன்னா ஒருத்தரும் நடக்கறதில்ல. நட்சத்திரம் சொன்னா நடக்கறீங்க!” இவர்களில் பாதிப் பேரோடு அவள் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. அவள் கேட்டாள் என்பதற்காக, காய்கறியும் மடிக்கணினியுமாக மூச்சிரைக்க ஏறுகிறார்கள். இருட்டில் நின்று, ஏறுகிற ஒவ்வொரு காலடிக்கும் மனதுக்குள் கைகூப்பினாள்.

ஒரு பயம் மட்டும் மிச்சம் இருந்தது. நாத்தனார் பள்ளியில் மாலைப் பயிற்சி முடிந்து வழக்கமாக இந்நேரம் வருவார். அவர் லிஃப்டில்தான் வர வேண்டும், வேறு வழியில்லை. அந்த ஒரு படம் போகட்டும் என்று முன்பே ஒதுக்கி வைத்திருந்தாள். டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அசையவில்லை. பாதி நேரம் போயிற்று. கடைசி நேரத்தில் வந்து ஆட்டி வைப்பாரோ என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கமாகவும் இருந்தது.

டீ கடைசிவரை அசையவே இல்லை. ஆண்ட்ரோமீடா எதிர்க் கட்டடத்தின் விளிம்பைத் தொடுமுன் கடைசிப் படமும் விழுந்தது. மூடி போட்டுக் கறுப்பு எடுத்தாள். பனியன் கட்டி, வீட்டுக்காரர் மேலே வெளிச்சம் பிடிக்க, வெள்ளையும் எடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“ஏங்க, அக்கா இன்னுமா வரல?”

கேமராவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி படிகளில் ஓடினாள். லிஃப்டைத் தொட அவளுக்கே மனம் வரவில்லை.

தரைத்தளத்தில், லிஃப்ட் கதவுக்கு எதிரே, காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். பட்டை போட்ட கால் இன்னொரு நாற்காலிமேல் நீட்டியிருந்தது. மடியில் பள்ளிக்கூடப் பை. வாயோரம் விசில்.

“அக்கா! எப்ப வந்தீங்க?”

“எப்பவும் வர்ற நேரம்தான்.”

“ஏன் மேல வரல? உங்களுக்காகத்தானே அந்தக் கடைசி வரியே எழுதினேன்!”

“படிச்சேன். முடியாதவங்க லிஃப்டில வரலாம்னு போட்டிருந்த. என்னால ஏறத்தான் முடியாது. உக்கார முடியுமே.”

காவலாளிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “டீச்சர் ஒருத்தரையும் பட்டன் பக்கம் விடலம்மா. பார்சல் கொண்டு வந்தவர் கை வெச்சார். ஊதின ஊதுல போலீஸ்னு பயந்துட்டார் பாவம்.”

அவள் கீழே உட்கார்ந்து அந்த முட்டியைத் தொட்டாள். முதலில் காலைத் தொங்கவிட்டிருந்தாரோ என்னவோ, பட்டைக்குக் கீழே வீங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. “ஏன் அக்கா இப்படி?”

“ஆடத் தெரியாதவன்னு சொன்னேன். கூடம் கோணலா இருந்திருக்கு. நிமிர்த்திப் பிடிக்க ஒரு ஆள் வேணாமா?” நாத்தனார் பார்வையை லிஃப்ட் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டார். “நீ தாண்டிக்கிட்டு இருக்கறப்ப நடுவுல நான் வந்து காலை வாரினதா இருக்கக் கூடாது. சரி, அழுது வடியாதே. முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“முழுசா?”

“முழுசா, அக்கா.”

கேமராவை வாங்கிப் பார்த்தார். கறுப்பில் ஒரு வெள்ளைத் திட்டு. “இந்தப் பஞ்சுத் துணுக்குக்கா நான் இவ்வளவு நேரம் கொசுவுக்கு ரத்த தானம் பண்ணேன்?”

“இது ஒரு படம்தான். இன்னும் எல்லாத்தையும் அடுக்கணும்.”

“அதை முதல்ல சொல்லு. அடுக்காம பாதியில விட்டே, தினமும் முட்டிக்கு ஒத்தடம் நீதான் குடுக்கணும்.”

மறுநாள் விடுமுறை. ஒத்தடமும் கொடுத்தாள், அடுக்கவும் அடுக்கினாள். சாயங்காலம் திரையில் அந்தப் பஞ்சு விரிந்தது. நடுவில் தங்க நிற ஒளி, அதைச் சுற்றிச் சாய்ந்த பெரிய தட்டு, தட்டில் கறுத்த தூசிப் பட்டைகள், ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த குட்டி மண்டலம் ஒன்று. சுற்றிலும் நட்சத்திரங்கள், முற்றுப்புள்ளி வைத்தது போல. பெரிய தொலைநோக்கிக்காரர்களிடம் காட்டினால் நூறு குறை சொல்வார்கள். அவளுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. மேசைமேல் தலையைச் சாய்த்து நிம்மதியாகக் கொஞ்சம் அழுதாள்.

படத்தை அச்சடித்து, லிஃப்டுக்குள் அறிவிப்பு இருந்த இடத்திலேயே ஒட்டினாள். கீழே எழுதினாள்: ‘படி ஏறியவர்களுக்கும், ஏறாமல் உட்கார்ந்திருந்தவருக்கும் நன்றி.’ தன் பெயரைப் போட மறந்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு மாலை, காய்கறிப் பையோடு லிஃப்டில் மூலையில் நின்றிருந்தாள். முன்னால் நாத்தனார். மூன்றாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். “இது யார் எடுத்ததுங்க?” என்று கேட்டார்.

அவள் பையை இறுகப் பிடித்தாள். பத்து வருடமாக அந்த வாயில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு பெயர்.

“என் தம்பி பொண்டாட்டி” என்றார் நாத்தனார். “நம்ம மொட்டை மாடியிலேருந்து எடுத்தா. ஆரம்பத்துலேருந்து கடைசிவரைக்கும் எல்லாம் அவளேதான்.”

மூன்றாம் மாடி வந்தது, அவர் இறங்கிக்கொண்டார். கதவு மூடியது. நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டிக் காய்கறிப் பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டார்.