இடது கொலுசுக்கு மட்டும் இரண்டு வளையம்

1

இந்தக் கதை எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. விருதுநகர் பஜாரில் வெள்ளிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஊர்க்காவலன், டீ ஆறுவதற்குள் சொன்னது இவ்வளவுதான்: ஓர் அம்மா வந்தார், இடது கொலுசுக்கு மட்டும் இரண்டு வளையம் சேர்க்கச் சொன்னார், வலதைத் தொடவிடவில்லை. ஏன் ஒரு கால் மட்டும் என்று இவருக்கும் புரியவில்லை, அந்த அம்மாவுக்கும் தெரியவில்லை.

மற்றதெல்லாம் நான் கட்டியது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அதனால்தான் கொலுசில் தொடங்கிய கதை ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது.

முதல் தொடக்கம்: "சிவகாசியில் வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த..." அடித்துவிட்டேன். வெயில் ஏறாத சிவகாசிக் கதை எங்கே இருக்கிறது?

இரண்டாவது: "2007 ஆடியில் செல்லக்கனிக்கு இடது கால் வீங்கியது." இது போதும்.

2

செல்லக்கனி சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் வீட்டின் மூத்த மருமகள். கணவர் வெள்ளைத்துரை. கொழுந்தன் மனைவி பொன்னுத்தங்கம், வீட்டில் தங்கம். மாமனார் ஒரு சட்டம் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்: மூத்தவளுக்கு எடுப்பது எதுவோ அதுவே இளையவளுக்கும். ஒரே சேலை இரண்டு நிறத்தில். ஒரே மிக்ஸி. ஒரே எடையில் கொலுசு.

(பொறாமை வராமலிருக்கச் செய்த ஏற்பாடு. அதுவே இரண்டு பெண்களுக்கும் எதையும் அளந்து பார்க்கும் கண்ணைக் கொடுத்துவிட்டது.)

கொலுசு பூட்டாதபோது செல்லக்கனிக்குக் கால் வலித்ததைவிட, தங்கத்துக்கு இரண்டு காலிலும் பூட்டுகிறதே என்பதுதான் வலித்தது.

அதற்கு முந்தைய வருடம் தங்கத்துக்கு மதுரையில் இருதயக் குழாயில் ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் கம்பிக் குழாய், வைத்திருந்தார்கள். "எனக்கு வச்சது மருந்து பூசினது" என்று கல்யாண வீடுகளில் சொன்னாள், இருக்கன்குடிக் கோயில் வரிசையில் முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னாள். செல்லக்கனி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நோயைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்து இரண்டு முறை கைவிட்டேன். பிறகு புரிந்தது. அவள் பார்த்தது நோயை அல்ல. பார்க்க வந்த கூட்டத்தை, பழக்கூடைகளை, கொழுந்தன் கட்டிலருகே உட்கார்ந்து ஆப்பிள் நறுக்கிக் கொடுத்ததை.

3

ஏன் இடது கால்? விளக்கிவிடுகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இது.

இடது காலிலிருந்து ரத்தம் மேலே திரும்பும் பெரிய சிரை, முதுகெலும்புக்கு முன்னால் போகிறது. வலது காலுக்கு இறங்கும் தமனி அதன் மேல் குறுக்கே படுத்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படித்தான். சிலருக்கு மட்டும் அது தோட்டத்து ரப்பர் குழாய்மேல் லோடு வேன் டயர் நிற்பதுபோல அழுத்திவிடும். தேங்கிய ரத்தம் உறையும், கால் வீங்கும். செல்லக்கனிக்கு உறைந்ததை மதுரை டாக்டர் கரைத்துவிட்டார். ஆனால் டயர் அங்கேயே நிற்கிறது. ஸ்டென்ட் வைக்காவிட்டால் மறுபடி உறையலாம், உறைந்தது நுரையீரலுக்கும் போகலாம்.

டாக்டர் மேசையில் மூன்று மாதிரிகளை வைத்தார்.

ஒன்று, பலூனால் விரிப்பது. தங்கத்துக்கு வைத்த வகை. விரித்த அளவில் நிற்கும். ஆனால் விரலால் நசுக்கினால் நசுங்கியபடியே கிடக்கும். மேலே டயர் நிற்கும் இடத்துக்கு ஆகாது.

இரண்டு, கண்ணிகண்ணியாக வெட்டிய குழாய். நசுக்கினால் எழும், வைத்த இடத்தில் நீளம் குறையாமல் திறக்கும். ஆனால் அன்று கையில் கிடைத்தவை தமனிக்கென்று செய்தவை. கட்டைவிரல் அகலச் சிரைக்குப் போதாதவை.

மூன்று, கம்பிப் பின்னல். அகலமாக விரியும், வளையும், நசுக்கினால் துள்ளி எழும். குறை இரண்டு. ஆப்பிளுக்குப் போட்டு வரும் வெள்ளை வலையுறையை அகட்டிப் பாருங்கள், நீளம் குறையும். இதுவும் அப்படியே. அடுத்து, முனைகள் பலவீனம். நடுக் கம்பியை இரண்டு பக்கமும் தாங்க ஆள் உண்டு, ஓரக் கம்பிக்கு ஒரு பக்கம்தான்.

மூன்றாவதுதான் என்றார் டாக்டர்.

"இதுல மருந்து பூசியிருக்கா?" என்றாள் செல்லக்கனி.

இல்லை. மருந்து, குழாய்க்குள் சதை வளர்ந்து அடைக்காமலிருக்க. இங்கே பிரச்சினை வெளியிலிருந்து அழுத்துவது. அதற்கு மருந்து என்ன செய்யும்?

"அவளுக்கு மருந்து பூசினது, மூத்தவளுக்கு வெறுங் கம்பியா?"

வெள்ளைத்துரை டாக்டரைத் தனியே கூப்பிட்டுப்போனார். "அதே கம்பெனி, அதே மாடலப் போட்டுருங்க சார். நான் வீட்ல குடியிருக்கணும்."

"அது பேனா ரீஃபில் அகலம்ங்க. இவங்களுக்குப் போட்டா நிக்காது, ரத்தத்தோட நெஞ்சுக்குப் போயிரும்."

அப்படியானால் ஒன்றும் வேண்டாம், ஊருக்குப் போவோம் என்று செல்லக்கனி பையை எடுத்து வைத்தாள்.

4

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

முடிவு அ: மருந்து பூசியது என்று டாக்டர் ஒரு பொய் சொல்கிறார். டாக்டர் ஒப்பவில்லை. எனக்கும் ஒப்பவில்லை.

முடிவு ஆ: எழுதுகிற நானே வலையுறையோடு வார்டுக்குள் போய் விளக்குகிறேன். மூன்று பக்கம் எழுதினேன். கடைசி வரியில் செல்லக்கனி சொன்னாள்: "நல்லா சொல்றீக சார். எனக்கு மருந்து பூசினதுதான் வேணும்." கிழித்துவிட்டேன்.

முடிவு இ: தங்கம் பார்க்க வருகிறாள். மனைவியிடம் காட்டி மனதை மாற்றலாமென்று வெள்ளைத்துரை வாங்கி வைத்த பின்னல் மாதிரி கட்டில் மேசையில் கிடக்கிறது. தங்கம் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள். கட்டைவிரல் தடிமன், மணிக்கட்டிலிருந்து விரல் நடுவரை நீளம்.

"இதையா அக்காவுக்கு வைக்கப்போறாக?"

விரலால் நசுக்கினாள், துள்ளி எழுந்தது. வெள்ளைத்துரை பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வச்சது ஒரு நெல்லு கணக்கா இருந்துச்சு. இம்புட்டுப் பெருசு இருக்குன்னு அன்னைக்கு யாரும் சொல்லலையே, அத்தான்?"

மேசையில் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். காபி வேண்டாமென்று கிளம்பினாள். அவள் வராந்தா திரும்பும்வரை செல்லக்கனி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவரிடம், "டாக்டர வரச் சொல்லுங்க. பொழுது போகுதுல்ல" என்றாள்.

5

தங்கத்தின் மேல் எனக்குப் பொறாமை. மூன்று பக்கத்தில் என்னால் முடியாததை மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

அது நடிப்பா? நெல்லளவுக் கம்பியின் பெருமையை வருடம் முழுக்கச் சொன்னவள், அக்காவுக்காக அதை விட்டுக்கொடுத்தாளா? அல்லது அந்த அளவைப் பார்த்து நிஜமாகவே வயிறு எரிந்ததா? படியிறங்கும்போது அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் அவள் பின்னால் போகவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள், எதைப் பார்க்கிறீர்களோ அதுவே கதை.

எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். பின்னல் ஸ்டென்ட்தான் வைத்தார்கள். திறக்கும்போது குறையும் என்பதால் தேவைக்கு மேல் நீளமானதை எடுத்தார்கள். பலவீனமான முனை நெரிபடும் இடத்தில் நிற்காதபடி மேலே இரண்டு கால் சிரைகளும் சேரும் பெருஞ்சிரைக்குள் கொஞ்சம் நீட்டி, நடுப்பகுதி தமனிக்கு அடியில் வரும்படி வைத்தார்கள். வீக்கம் வடிந்தது. சேர்த்த இரண்டு வளையத்தையும் கழற்றியாயிற்று. இடது கொலுசு பூட்டுகிறது.