வெர்னாவின் காது மெஷின்

சனிக்கிழமை மத்தியானமானால் வெர்னா பாஸ்கோ வேலியோரம் வந்து நின்று, "ஏய் கிளென், மேட்ச் ஆரம்பிச்சாச்சு. உயிரோட இருக்கியா, போய்ச் சேர்ந்துட்டியா?" என்று குரல் கொடுப்பாள். எண்பது தாண்டிய உடம்பில் அந்தக் குரல் மட்டும் இளைக்கவேயில்லை. அல்வர்ஸ்டன் என்ற சின்ன ஊரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, அவளும் கிளெனிஸும் வெகுகாலமாக அடுத்தடுத்த வீடு. கணவர்கள் போன பிறகு டிவியில் ஃபுட்டி என்கிற கால்பந்தாட்டம் பார்ப்பதும் நடுவரைத் திட்டுவதும் ஒரே சோபாவில்தான்.

விவாகரத்து முடிந்த கையோடு வெர்னாவின் மகன் ரஸ்ஸல் அம்மாவிடம் வந்து தங்கினான். தங்கமான பிள்ளை என்றது தெரு. கேட்காமலேயே கிளெனிஸ் வீட்டுப் புல்லையும் வெட்டிக் கொடுத்தான். குளிர்காலம் தொடங்கியபோது வேலியோரக் குரல் நின்றுபோனது. போன் செய்தால் ரஸ்ஸல்தான் எடுத்தான். அம்மா தூங்குகிறாள், அம்மாவுக்கு அசதி என்றான். ஒருநாள் கிளெனிஸ் சூடாக ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு நேரிலேயே போனாள். ரஸ்ஸல் வெளியே வந்து, கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டான்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல ஆன்ட்டி. அம்மாவுக்கு ஞாபகம் பிசகிட்டு வருது. மோதிரத்தை நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு சொல்லிட்டிருக்காங்க. மனசுல வெச்சுக்காதீங்க. கொஞ்ச நாள் வராம இருந்தீங்கன்னா நல்லது."

அவன் கண் கலங்கியிருந்தது. கிளெனிஸுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஸ்கோனை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள், அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. கோபம் ஒருபுறம், அவமானம் ஒருபுறம்.

ஒரு காலையில் துணி உலர்த்தப் போனபோது வேலிக்கு அப்பால் வெர்னா நிற்பதைப் பார்த்தாள். வெர்னாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய வேகத்தில் காற்று அவள் தலைமுடியை ஒதுக்க, வெறும் காது தெரிந்தது. காது மெஷின் இல்லை. தோட்டம் கொத்தும்போதுகூட அதைக் கழற்றாதவள் வெர்னா. அது இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது.

கடையில் ரஸ்ஸலைப் பார்த்தபோது கிளெனிஸ் பேச்சோடு பேச்சாக விசாரித்தாள். மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிரியார் வருத்தப்பட்டார்: பாவம் வெர்னா, மெஷினைக் குப்பையில் போட்டுவிட்டாளாமே. முடி வெட்டும் கெர்ரியோ, போட்டுக்கொள்ளவே மாட்டேன் என்று கிழவி அடம் பிடிப்பதாக ரஸ்ஸல் சொன்னான் என்றாள்.

ஒரு பொருளுக்கு மூன்று கதை. கிளெனிஸுக்கு ரஸ்ஸல் மேல் சந்தேகம் வந்தது. உடனே தன் மீதே சந்தேகமும் வந்தது. மோதிர விஷயத்தில் பட்ட கோபத்தில்தான் பிள்ளை மேல் பழி தேடுகிறேனோ? தெரு முழுக்க நல்லவன் என்கிறவன் தனக்கு மட்டும் எப்படிக் கெட்டவனானான்? ஆனாலும் மனம் அடங்கவில்லை. கெர்ரியிடம் விஷயத்தைச் சொல்லி, வெர்னா அடுத்து எப்போது முடி வெட்ட வருகிறாள் என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

அன்று கிளெனிஸ் முன்கூட்டியே போய்க் கெர்ரி கடையின் பின்கட்டில் உட்கார்ந்திருந்தாள். ரஸ்ஸல் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். கெர்ரி கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். இன்றைக்கு முடியைச் சுருட்டும் பெர்ம் மருந்து, நாற்றம் தாங்காது, பக்கத்து பேக்கரியில் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா என்று கெர்ரி அவனைச் சிரித்தபடியே வெளியே தள்ளினாள்.

கிளெனிஸைக் கண்டதும் வெர்னாவின் முகம் கடுத்தது. காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில் கேட்டாள்: "இங்க எதுக்குடி வந்த? என் மேல மூத்திர நாத்தம் அடிக்குதுன்னு ஊரெல்லாம் சொன்னியாமே. அதான் வர்றதில்லையாம்."

கெர்ரி சட்டென்று டிரையரைப் போட்டுவிட்டாள், வெளியே கேட்காமலிருக்க.

கிளெனிஸ் அவள் எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். உதடு தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான் சொல்லல. உன் மோதிரத்தைத் திருடிட்டேன்னு நீ சொன்னதா ரஸ்ஸல் என்கிட்ட சொன்னான்."

வெர்னா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தூக்கிக் காட்டினாள். மோதிரம் விரலில் இருந்தது.

பிறகு வெர்னா, டிரையர் இரைச்சலுக்கு மேலாக, எல்லாவற்றையும் கொட்டினாள். மெஷினை எடுத்து வைத்துக்கொண்டவன் ரஸ்ஸல்தான். டாக்டர் ஒன்று கேட்க, இவள் ஒன்று சொல்ல, புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதியாகிவிட்டது. வருகிற வாரம் முதியோர் இல்லம். வீடு அவனுக்கு.

போலீசுக்குப் போவோம் என்றாள் கிளெனிஸ். வெர்னா தலையை ஆட்டினாள். "வேண்டாம். அவன் நான் பெத்தது. எனக்குக் காது வேணும். காது வந்துட்டா நான் பேசிக்கறேன்."

முதியோருக்கான உதவி எண்ணை கெர்ரி தன் போனில் அழைத்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் முதலில் கேட்டதே, அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பதைத்தான். அவனோடு தனியாக மோத வேண்டாம், டாக்டர் அவளைத் தனியாகப் பார்க்கட்டும், வீட்டுக்குப் போகும்போது எங்கள் ஆள் ஒருவர் கூட வருவார் என்றாள். ரஸ்ஸல் திரும்பி வருமுன் மூன்று பெண்களும் பின்வாசல் வழியாகக் கிளம்பினார்கள். காது ஆஸ்பத்திரியில் தற்காலிகமாக ஒரு மெஷின் கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வெர்னா டாக்டர் கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னாள். பிரதமர் யார் என்று கேட்டபோது பெயரோடு சேர்த்து ஒரு வசவும் சொன்னாள். புத்தி பேதலித்துவிட்டது என்று எழுதித் தந்த அதே டாக்டரின் முகம் வெளிறிப்போனது.

சாயங்காலம் வீட்டில் ரஸ்ஸல் காத்திருந்தான். உதவிக்கு வந்த பெண்ணையும் கிளெனிஸையும் மாறி மாறிப் பார்த்தான். "உன் நல்லதுக்குத்தான்மா. தனியா விழுந்து கிடந்தா யார் பார்ப்பா?"

"இத்தனை நாள் என்னைத் தனியா வெச்சது யாரு?" என்றாள் வெர்னா. "என் காதைக் கொடுத்துட்டுப் போ."

அவன் தன் வண்டிக்குப் போனான். முன் டப்பாவிலிருந்து மெஷினை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான். அதன் பேட்டரிகூடக் கழற்றப்படாமலிருந்தது. அன்றே துணிமணியை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

தெரு சட்டென்று நம்பிவிடவில்லை. தாயையும் பிள்ளையையும் கிளெனிஸ்தான் பிரித்தாள் என்று சொன்னவர்களும் உண்டு. சனிக்கிழமை சோபாவும் ஃபுட்டியும் திரும்பி வந்தன. ஆனால் ஆட்டத்தின் நடுவில் திடீரென்று வெர்னா கேட்பாள்: "நெசமாவே நீ அப்படிச் சொல்லலியே?" கிளெனிஸ் இல்லை என்பாள். அவளுக்கும் அடிமனதில், ஒருவேளை மோதிரத்தைப் பற்றி இவள் ஏதாவது சொல்லித்தான் இருப்பாளோ என்று ஒரு முள் உறுத்தும். கேட்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வெர்னா மகனுக்குப் போன் செய்கிறாள். சாப்பிட்டானா, வேலை கிடைத்ததா என்று கேட்கும் உரத்த குரல் வேலி தாண்டி வருகிறது. அந்த நேரத்தில் கிளெனிஸ் துணி உலர்த்தப் போவதில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தே வைத்திருக்கிறாள்.