கேட்காமல் எடுத்தது

மருத்துவமனைத் துணிகளைத் துவைத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்துக்கு மேற்பார்வையாளர் அவளுடைய நாத்தனார், புருஷனின் அக்கா. வீட்டில் செய்கிற அதிகாரம் போதாதென்று எட்டு மணி நேரம் இங்கேயும். ஈரப் போர்வைகளை நீராவி உருளைக்குள் விட்டுத் தேய்ப்பது தம்பி பெண்டாட்டியான அவள் வேலை. வயது நாற்பத்திரண்டு.

அன்று காலை ஒரு போர்வையைத் தூக்கும்போது தாடையிலிருந்து இடது தோள்வரை கயிறு போட்டு இழுத்ததுபோல் வலித்தது. வேர்த்துக் கொட்டியது. உருளையை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆரம்பிச்சாச்சா?" என்றாள் நாத்தனார். "திங்கக்கிழமைன்னா உனக்கு நோவு வந்துடும்."

"மூச்சு விட முடியலக்கா."

"வாயுவா இருக்கும். பொம்பளைக்கு இந்த வயசுல ஹார்ட்டா நிக்கப்போகுது? எழுந்து மெஷினைப் போடு."

பக்கத்து மெஷின்காரி தன் உருளையையும் நிறுத்தினாள். அவளைத் தூக்கி அழுக்குத்துணி வண்டியில் உட்காரவைத்து அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "வேலை நேரத்துல சவாரி வேறயா?" என்று பின்னாலிருந்து குரல் துரத்தியது.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. உள்ளே ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் டாக்டரம்மா பழைய கோப்போடு வந்தார். ஊர் வாய்க்குப் பயந்து பார்க்க வந்திருந்த நாத்தனாரும் கட்டிலோரம் நின்றாள்.

"சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. கெட்ட கொழுப்பு மட்டும் எக்கச்சக்கம். சினைப்பை ரெண்டையும் எடுத்தப்புறம் ஹார்மோன் மாத்திரை ஏதாவது கொடுத்தாங்களா?"

"சினைப்பையா? கட்டின்னு கர்ப்பப்பையை மட்டும்தானே எடுத்தாங்க?"

டாக்டரம்மா கோப்பைத் திருப்பிக் காட்டினார். "ஏழு வருஷம் முன்னாடி ரெண்டையும் எடுத்திருக்காங்க. அதுல நோய் எதுவும் இல்லைன்னும் எழுதியிருக்கு. அதுல சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் இருக்கிறவரைக்கும் கல்லீரல் கெட்ட கொழுப்பை ரத்தத்துலேர்ந்து நல்லா இழுத்துக்கும். ரத்தக்குழாயும் நெகிழ்ந்து கொடுக்கும். அம்பது வயசுவாக்குல தானா நிக்கவேண்டியது உங்களுக்கு ஒரே நாள்ல நின்னுருச்சு. அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா பெரிய காரணம்."

சம்மதத் தாளின் அடியில், தினமும் வருகைப் பதிவேட்டில் மேற்பார்வையாளர் இடத்தில் பார்க்கிற கையெழுத்து.

டாக்டரம்மா போகும்வரை காத்திருந்தாள். "நீதானா?" என்றாள். பதினெட்டு வருடத்தில் நாத்தனாரை 'நீ' என்றது அதுதான் முதல்முறை.

"உன் புருஷன் லாரியோட எங்கேயோ போயிருந்தான். அதையும் எடுத்துட்டா பின்னால தொந்தரவு வராதுன்னு சர்ஜன் வெளிய வந்து கேட்டார். இன்னொரு தடவை உனக்கு யாரு ஆஸ்பத்திரியில காவல் கிடக்கிறது? எடுத்துடுங்கன்னேன். ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு அது எதுக்கு?"

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா? உடம்பு அனலா எரியுதுன்னு நான் துடிச்சப்போ, முப்பத்தஞ்சுலயே கிழவியாயிட்டான்னு மெஷின்காரிங்ககிட்ட சொல்லிச் சிரிச்சே."

"இப்போ செத்தா போயிட்டே?"

அவள் நர்ஸைக் கூப்பிட்டு அந்தத் தாளுக்கு நகல் கேட்டாள்.

அவள் கொடுத்த புகாரின் மேல் விசாரணை மூன்று மாதம் நடந்தது. சர்ஜன் ஓய்வுபெற்றிருந்தார். நோயாளியிடம் உண்மையைச் சொல்லாதது தவறு என்று நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. அவளைத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்; அங்கே நாத்தனாரின் அதிகாரம் செல்லாது. மாத்திரையில் கொழுப்பு பாதியாக இறங்கியது.

"என்ன இருந்தாலும் அக்காவாச்சே, மனசுல வெச்சுக்காதே," என்றான் புருஷன்.

"உன் அக்கா உனக்கு. வந்தா நீயே சோறு போடு, நீயே தட்டைக் கழுவு. என் கையால இனி ஒரு டம்ளர் தண்ணி கிடையாது."

அவன் அக்கா வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் அவனே தட்டைக் கழுவினான்.