ஆட்சேபணையில் ஒரு வரி

காலையில் கடையைத் திறந்து, தையல் மெஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூட நேரம் கிடைக்கவில்லை, ஃபோன் அலறியது. எடுத்ததுமே ஒரு பெண் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள்லாம் மனுஷங்கதானா? எங்கப்பா முதுகை வந்து பாருங்க. பட்டன் அழுத்தி அழுத்திப் புண்ணாயிருச்சு!"

"பட்டனா? நான் பட்டனே வைக்கமாட்டேனேம்மா" என்றாள் தையலக்கா.

அது உண்மை. எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே கிடப்பவர்களுக்கு உடுப்பு தைப்பதுதான் அவள் தொழில். பக்கவாட்டில் திறக்கும், நாடாவால் கட்டலாம், முதுகுப் பக்கம் தையல் மேடுகூட இருக்காது. ஆளைப் புரட்டாமலே மாட்டிவிடலாம். நர்சுகள் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிச் சொல்லியே பெயர் பரவியது. இணையத்திலும் ஒரு கடை போட்டிருந்தாள். இப்போது யாரோ ஒரு புண்ணியவான் அதே பெயரில், புள்ளிக்குப் பின்னால் வரும் வாலை மட்டும் மாற்றி, இன்னொரு தளம் திறந்திருந்தான். படங்கள் அவளுடையவை, வாசகங்கள் அவளுடையவை. வந்து சேர்வது மட்டும் முதுகில் பட்டன் வைத்த மட்டமான சரக்கு. வசவெல்லாம் இவள் தலையில் விழுந்தது. வழக்கமாக வாங்கும் மருத்துவமனை ஒன்று, உங்கள் சகவாசமே வேண்டாம் என்று வாசலோடு அனுப்பிவிட்டது. இன்னும் இரண்டு இடம் அப்படிச் சொன்னால் கடையை மூட வேண்டியதுதான்.

அந்தத் தளத்தின் பெயரை யார் பதிவு செய்தது? அது தெரிந்தால் சட்டையைப் பிடிக்கலாம். ஆனால் பதிவு செய்தவரின் பெயர், விலாசம் எல்லாம் மறைத்துவைக்கப்பட்டிருந்தது. தளப் பெயர்களைப் பதிவு செய்யும் நிறுவனத்தில் இதற்கென்றே தனிப் பிரிவாக ஒரு மேசை உண்டு. காரணம் காட்டிக் கேட்டால், அவர்கள் முதலில் உரிமையாளரிடம் "சொல்லலாமா?" என்று கேட்பார்கள். அவர் ஆட்சேபித்தால் இரு பக்கத்தையும் எடைபோட்டு முடிவு செய்வார்கள். தையலக்கா ஆதாரங்களோடு கேட்டு அனுப்பியிருந்தாள்.

"அதெப்படிக்கா திருடனுக்குப் போய் முக்காடு போட்டு வைக்கிறாங்க? நல்லா இருக்கே நியாயம்!" என்று தங்கை குட்டிதான் கூடவே உட்கார்ந்து கொதித்தாள். குட்டி பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள். போன வருடம்வரை இந்தக் கடையிலேயே துணி வெட்டியவள். வேறு வேலை கிடைத்ததென்று போனாலும், சாயந்தரமானால் அக்காவைப் பார்க்க வந்துவிடுவாள்.

தையலக்காவால் அந்த முக்காட்டை முழுசாகத் திட்டவும் முடியவில்லை. அதற்குள் அவளும் ஒளிந்திருந்தாள். புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்து, தைரியமாகக் கடை போட்ட புதிதில், தளத்தின் உரிமையாளர் யார் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது அவளுக்குத் தெரியாது. புருஷன் பார்த்தான். வந்தான். ராத்திரியோடு ராத்திரியாக இரண்டாவது தடவை ஊர் மாறினாள், குட்டியையும் இழுத்துக்கொண்டு. அதற்குப் பிறகுதான் விலாசத்தை மறைக்க வழி வந்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

பட்டன் விவகாரத்தில் திட்டு வாங்கிய கையோடு அந்த மேசைக்கு ஃபோன் போட்டாள். எடுத்த அம்மாள் தன்மையாகவே பேசினாள்.

"உரிமையாளர் ஆட்சேபிச்சிருக்காங்கம்மா. உயிருக்கு ஆபத்துன்னு. அதனால தர முடியாது."

"உயிருக்கு ஆபத்தா? பெரியவர் முதுகுல புண்ணு வர வச்சவங்களுக்கா? என்னம்மா கூத்து இது! அவங்க சொன்னா நம்பிடுவீங்களா?"

அவள் போட்ட சத்தத்தில் அந்த அம்மாளுக்கும் மனசு கேட்கவில்லை போலும்.

"சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன். நானும் பொண்ணுதானே? அதைப் படிச்சிட்டு எனக்கு அன்னிக்குச் சோறு இறங்கல. புருஷன் தேடிக் கண்டுபிடிச்சு வந்திருக்கான். கத்தல, அடிக்கல. அவ விட்டுட்டு வந்த பழைய செருப்பை வாசல்ல ஜோடியா வச்சு, 'போட்டுக்கிட்டுக் கிளம்பு'ன்னானாம். இதையெல்லாம் யாராவது கற்பனை பண்ணி எழுத முடியுமா, சொல்லுங்க."

முடியாதுதான். அது நடந்தது தையலக்காவுக்கு. அந்தச் செருப்பைப் பற்றிப் போலீஸில்கூட அவள் சொன்னதில்லை, சொல்லக் கூசியது. அன்றைக்கு உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் ஒருத்திதான். அவளிடம்கூடப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஃபோனை வைத்தாள். கடையை அப்படியே போட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவுக்கு நடந்தாள்.

குட்டி கதவைத் திறந்தாள். முன்னறையிலேயே பட்டன் வைத்த உடுப்பு மூட்டைகள். ஒளிக்கக்கூட இல்லை, பாவி.

"ஏண்டி?" என்றாள் தையலக்கா.

குட்டியின் முகத்தில் பயமில்லை, கோபம்தான் இருந்தது.

"உன்கூட ஓடி ஓடி எனக்கு என்னக்கா மிச்சம்? படிப்பைப் பாதியில விட்டேன். வந்த வரனையும் விலாசம் கொடுக்க முடியாமத் தட்டிவிட்டோம். கடை உன் பேர்ல, புகழ் உனக்கு. வெட்டினது யாரு, நான்தானே?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடி."

"கேட்கணுமா?"

"சரி, கடையை எடுத்துக்கிட்ட. அதை ஏண்டி எடுத்த? அந்தச் செருப்பை?"

"அந்தக் கதவுக்குப் பின்னாடி நானும்தானே நின்னேன்? எனக்கும்தானே நடந்துச்சு?" என்றாள் குட்டி. குரல் ஒரு கணம் உடைந்தது. பிறகு துடைத்துப் போட்டாற்போல் மாறியது. "இத பாருக்கா. நீ அந்த ஆபீஸ்ல போய் என் பேரைச் சொன்னா, நானும் ஒரு ஃபோன் பண்ண வேண்டியிருக்கும். மாமா நம்பர் இன்னும் என்கிட்டதான் இருக்கு."

மாமா. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! ஊர் உலகத்துக்கெல்லாம் விலாசத்தை மறைத்துவிட்டு, கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட இவளிடம் சாவியைக் கொடுத்துவைத்திருந்தாளே! அங்கேயே, தங்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தையலக்கா ஃபோனை எடுத்து அதே மேசைக்கு அடித்தாள்.

"அம்மா, காலையில பேசினேனே, அவதான். அந்த ஆட்சேபணை எழுதினது என் தங்கச்சி. எழுதியிருக்கறது என் கதை. போலீஸ்ல நான் கொடுத்த பழைய புகார் இருக்கு, தேதியைச் சரிபார்த்துக்கோங்க." தங்கையின் முழுப்பெயரையும் வீட்டு விலாசத்தையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "இன்னொண்ணும் எழுதிக்கோங்க. இதைச் சொன்னா என் விலாசத்தை அந்த ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு இப்ப என் எதிர்ல நின்னு மிரட்டுறா."

"அக்கா!" என்று குட்டி பாய்ந்து கையைப் பிடித்தாள். "சும்மா சொன்னேன்க்கா. கோபத்துல சொன்னேன். செய்வேனா நான்?"

செய்யமாட்டாள்தான். ஒருவேளை செய்வாளோ? காலையில் கேட்டிருந்தால் தையலக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பாள். இப்போது அவளுக்குத் தெரியவில்லை. கையை உதறிவிட்டுப் படியிறங்கினாள்.

மேசைக்கார அம்மாள் எல்லாவற்றையும் சரிபார்த்தாள். போலித் தளம் அந்த வாரமே முடங்கியது. மருத்துவமனையிலிருந்து மறுபடியும் ஆர்டர் வந்தது. முதுகு புண்ணான அந்தப் பெரியவருக்குத் தையலக்கா தன் கையாலேயே நாலு உடுப்பு தைத்து அனுப்பினாள். அனுப்பியது பழைய கடையிலிருந்து அல்ல. அதற்குள் மெஷினை ஏற்றிக்கொண்டு மூன்றாவது ஊருக்கு வந்திருந்தாள், இந்தத் தடவை தனியாக.

ஒருநாள் மத்தியானம் ஊரிலிருந்து அவள் அம்மா ஃபோன் செய்தாள்.

"தங்கச்சி தினமும் அழறாடி. சின்னவதானே, போனாப் போகுது, மன்னிச்சிடேன்."

"பார்ப்போம்மா."

"சரி, உன் புது விலாசத்தையாவது சொல்லு. நானாவது வந்து உன்கூட நாலு நாள் இருந்துட்டுப் போறேன்."

தையலக்கா வாயைத் திறந்தாள். தெருப்பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்மா" என்றாள்.

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடி? நான் உன்னப் பெத்தவ!"

"உன்கிட்டயும்தான்மா" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.